துப்புக்கூலி

கரிசல் காட்டில் பிறந்தவனுக்குக் காவலைப் பற்றி எந்தப் பிரசங்கியாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, கம்பும் உளுந்தும் பருத்தியுமாக வீடு சேர்க்கவேண்டிய சம்சாரி, மயிலுக்கும் பன்றிக்கும் மனுஷனுக்கும் அஞ்சித் தன் புஞ்சையில் கண்விழித்துக் கிடப்பதை ஊர் அறியும். ஆகையால், லெந்து நாட்களில் எங்கள் ஐயர் நீதிமொழிகளின் 4-ஆம் அதிகாரத்து 23-ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு, காக்கவேண்டியவை யாவற்றிலும் இருதயமே பிரதானம் என்று முக்கால் மணி நேரம் விஸ்தாரமாகப் பிரசங்கித்தபோது சபையார் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பின்வரிசையில் சிலர் கண்ணை மூடிக்கொண்டே சம்மதித்தார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சம்சயம் இருந்தது. இந்த நீதிமொழிகளை அருளிய சாலொமோன் ஞானிக்கு 700 மனைவிகளும் 300 மறுமனையாட்டிகளும் இருந்ததாகவும், அவருடைய முதிர்வயதில் அவர்களே அவர் இருதயத்தை வழிவிலகச் செய்ததாகவும் இராஜாக்களின் புஸ்தகம் சாட்சி பகருகிறது. காவல் அவசியம் என்பதை அவர் அனுபவபூர்வமாகவே அறிந்திருந்தார் என்று ஐயர் சமாதானம் சொன்னார். இருக்கலாம்.

எங்கள் சித்தப்பா ஒருவர் இருந்தார். இருதயக் காவலில் தமக்கு நிகரானவர் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். சினிமாக் கொட்டகை இருக்கும் தெருவில் நடக்கமாட்டார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதிய காலத்தில், லேபிளில் நடிகையின் முகம் அச்சாகி வந்துவிட்டால், அந்தக் கட்டைக் குப்புறத் திருப்பி வைத்த பிறகுதான் பேரேட்டைத் திறப்பார். பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டு ஆரம்பித்ததும், “சன்னலைச் சாத்து” என்று சித்தியை ஏவுவார். அவள் சாத்தி முடித்ததும், “நல்ல குரல்” என்று மெதுவாகச் சொல்லுவார்.

இத்தனை பந்தோபஸ்தும் ஒரு பூசணிக்காய்க்குத் தாங்கவில்லை. அறுப்பின் பண்டிகையன்று சபையார் காணிக்கையாகப் படைக்கும் தேங்காய், சேவல், முருங்கைக்காய்க் கட்டு முதலானவற்றை ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் ஏலம் விடுவது இந்தச் சீமைச் சபைகளின் பழைய வழக்கம். அந்த வருஷம் காம்பில் கரிசல் மண் காயாமல் ஒட்டியிருந்த ஒரு பூசணிக்காயை, 2 ரூபாய்கூடப் பெறாததை, சித்தப்பாவின் சம்பந்தி 5 ரூபாய்க்குக் கேட்டார். சித்தப்பா 6 என்றார். “ஒரு தரம்” என்பதற்குள் சம்பந்தி 10 என்றார். பூசணிக்காயை ஒருவரும் பார்க்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 45 ரூபாயில் அது சித்தப்பாவின் மடிக்கு வந்து சேர்ந்தது. தேவனுடைய மகிமைக்கென்று அவர் சொன்னாலும், காரணம் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்: கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து கைகழுவப் போனபோது, “குழம்பில் கறியைத் தேட வேண்டியிருந்தது” என்று சம்பந்தி யாரிடமோ சொன்னது, ஏழு வருஷமாக அவருக்குள் ஆறாமல் இருந்தது. ரேடியோப் பாட்டு நுழைய முடியாத இருதயத்தில் அந்தக் குழம்பு மட்டும் சௌக்கியமாகக் குடியிருந்தது.

இங்கேதான் நம் முன்னோரின் காவல் முறையை நினைக்கவேண்டியிருக்கிறது. பாளையக்காரர் காலத்தில், ஊருக்கு ஸ்தலகாவல், சீமைக்குத் தேசகாவல் என இருவகை உண்டு. களத்துமேட்டில் தானியம் அளக்கையில் காவல்காரனுக்கும் பங்கு அளப்பார்கள். பொருள் களவுபோனால் மீட்டுத் தரவோ ஈடுகட்டவோ அவன் கடமைப்பட்டவன். சட்டம் அப்படி. நடைமுறையிலோ, காளை காணாமற்போனவன் ஒரு மத்தியஸ்தரைப் பிடித்து, துப்புக்கூலி என்று ஒரு தொகையைக் கொடுத்தால், குறித்த இடத்தில் ஒரு மரத்தடியில் மாடு கட்டிக்கிடக்கும். திருடினவன் யார், துப்புச் சொன்னவன் யார், காவல் காத்தவன் யார் என்று மாட்டுக்காரன் விசாரிப்பதில்லை. விசாரித்தால் அடுத்த மாடும் போய்விடும். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, 1801-இல் பாளையக்காரரின் பலத்தை ஒடுக்கிய கும்பினியார், அவர்களுடைய காவல் அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். துப்புக்கூலியை மட்டும் அவர்களாலும் சுலபத்தில் ஒழிக்கமுடியவில்லை.

நம்முடைய மனச்சாட்சி இந்தப் பழைய காவல்காரனின் வம்சத்தைச் சேர்ந்தது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வைராக்கியம் உள்ளே வரும்போது அது உறங்கும். காரியம் முடிந்தபின் தலையைச் சொறிந்துகொண்டு கூலிக்கு வந்து நிற்கும். மறு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா காணிக்கைப் பையில் வழக்கமான நாணயத்துக்குப் பதிலாக ஒரு 10 ரூபாய்த் தாளை, மடிக்காமல், பக்கத்திலிருப்பவருக்குத் தெரியும்படி போட்டார். பாவம் எங்கே கட்டிக்கிடந்தது என்று அவரும் விசாரிக்கவில்லை.

உள்ளே போவதல்ல, உள்ளிருந்து புறப்படுவதே மனுஷனைத் தீட்டுப்படுத்தும் என்று மாற்கு சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில் நம் கர்த்தர் சொல்லியிருப்பதை ஐயர் மறுவாரம் எடுத்துக்கொண்டார். நம் ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’த்துக்கு மூலமாகக் கொண்ட மோட்சப் பிரயாண நூலை எழுதின அதே ஜான் பன்யன், 1682-இல் ஆத்துமாவை ஐந்து வாசல்கள் கொண்ட ஒரு பட்டணமாக்கி வேறொரு கதையும் எழுதினார். அதில், உள்ளே குடியிருப்பவர்கள் சம்மதியாமல் அந்தப் பட்டணத்து மதிலை எந்தச் சத்துருவாலும் இடிக்க முடியாது. இதையும் ஐயர் எடுத்துச் சொன்னபோது சித்தப்பா, சம்பந்தி உட்கார்ந்திருந்த பெஞ்சியை அர்த்தத்தோடு திரும்பிப் பார்த்தார்.

பூசணிக்காயில் பாதியைச் சித்தி, அவரிடம் சொல்லாமலே சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் சம்பந்தியம்மாள் அதைக் குழம்பாக வைத்துத் தூக்குவாளி நிறையத் திருப்பி அனுப்பினாள். சித்தப்பா விசாரணை ஒன்றுமின்றி மூன்று அகப்பை ஊற்றிச் சாப்பிட்டு, கைகழுவி, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“குழம்பு கொஞ்சம் நீர்த்துப் போச்சு” என்றார்.