சிப் செத்துவிட்டதா?

கேள்வி: வீட்டிலேயே பெர்ரிக் குளோரைடில் போர்டு அரித்து, 28 கால் ஏடிமெகா328பி சிப்பைப் பற்றவைத்தேன். புரோகிராமரை மாட்டினால் சிக்னேச்சர் வெறும் பூஜ்யமாக வருகிறது. சிப் செத்துவிட்டதா?

பதில்: அவசரப்பட்டுப் பால் ஊற்றிவிடாதீர்கள். மல்டிமீட்டரை எடுங்கள். 7-ம் காலுக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு 20-ம் காலைப் பட்டினி போடுவது ஊரறிந்த வழக்கம், இரண்டுக்கும் வேண்டும். 8, 22 கிரவுண்டுக்கு. மோசி, மிசோவை சீரியல் வயர் மாதிரி குறுக்கே மாற்றியிருந்தால் நேராக்குங்கள்: மோசி மோசிக்குத்தான்.

அப்புறம் வேகம். புதுச் சிப் நீங்கள் ஆசையாக வாங்கிய கிரிஸ்டலைச் சட்டை செய்யாது. உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் நடக்கும். புரோகிராமர் அதில் கால் பங்குக்கும் கீழே பேசினால்தான் அதன் காதில் விழும். 125 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே உயிர் வந்துவிடும்.

கிரிஸ்டல் இல்லாமலே ‘வெளிக் கிரிஸ்டல்’ என்று ஃபியூஸை மாற்றிய புண்ணியவானா நீங்கள்? 9-ம் காலில் வெளியிலிருந்து கிளாக் சிக்னல் ஊட்டினால் வாய் திறக்கும்.

ஒருவேளை அச்செடுக்கும்போது டிசைனே இடவலமாகத் திரும்பியிருந்தால், சிப்பைத் தாமிரப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். கால்கள் பொருந்தும். கேட்பவர்களிடம் ‘நவீன டிசைன்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.