காட்டோரக் காப்பிக்காரர் யோகம்

கவலையே இல்லாத தொழில் ஒன்று உண்டென்றால், அது காட்டோரத்தில் காப்பி பயிரிடுவதுதான். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போய்ப் பாருங்கள். விலை வைக்கும் தொல்லை விவசாயிக்குக் கிடையாது. அரபிகாவுக்கு நியூயார்க் சந்தை அதைப் பார்த்துக்கொள்கிறது. பிரேசிலில் உறைபனி கொட்டினால் இங்கே விலை ஏறும். அங்கே அமோக விளைச்சலென்றால் இங்கே சரியும். மரம் வெட்டிய பாவமும் சேராது. தானே நட்ட நிழல்மரமானாலும், மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-இல் வந்த சட்டம் அவர் கோடரியைப் பிடித்துக்கொள்ளும்.

2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எல்லை எது என்று விவசாயிக்கு அத்துப்படி. காட்டுமாட்டுக்கும் யானைக்கும்தான் யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை போலும். அவை வந்து மிதித்துப் போனால் என்ன? மனு, புகைப்படம், அடங்கல் நகல் கொடுத்தால் இழப்பீடு கேட்கலாம். காட்டுமாட்டின் கையொப்பம் தேவை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. இது பெரிய சலுகை. மிச்சம் நிற்கும் செடியைத் தண்டுத் துளைப்பான் கவனித்துக்கொள்கிறது.

இத்தனையும் தாண்டிய பழத்தை வியாபாரி நாலு குறை சொல்லி எடுக்கிறார். அதே பழத்தை மரநாய் தின்று கழித்தாலோ, உலகின் விலையுயர்ந்த காப்பிகளில் ஒன்று! இடைத்தரகர்களிலேயே சரக்கின் மதிப்பைக் கூட்டுவது மரநாய்தான். ஆகவே, விவசாயி ஐயா, பட்டாவை அதன் பெயருக்கு மாற்றிவிட்டு, அதனிடமே தினக்கூலிக்குச் சேர்ந்துவிடுங்கள்.