சுண்ணாம்பு ஆய்வாளருக்குப் பதவி உயர்வு கோரும் மனு

பெறுநர்: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

பொருள்: தாம்பரம் வட்டாரத்தில் சிறு மது ஆலைகளுக்கு உரிமம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய துறையின் மேலான பார்வைக்கு:

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும், வீட்டுமனைக் கற்களுக்குத் தப்பி ஏரிக்கரையோரம் எஞ்சி நிற்கும் சில மது ஆலைகளுக்கு உரிமம் வழங்குமாறு இம்மனு பணிவுடன் கோருகிறது. ஆலை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 அடி உயரம். மின் இணைப்பு வேண்டாம். வங்கிக் கடன் நிலுவை இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, புறநகர் முழுவதும் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோதும் இவை கூடுதல் ஒதுக்கீடு கேட்டதில்லை. ஆலை என்று இங்கே சொல்லப்படுவது பனைமரம். 1978 முதல் அது மாநில மரம் என்பதும், 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையின்படி அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் துறை அறிந்தவையே. வெட்டுவதற்கு ஆட்சியர் அலுவலகம் போக வேண்டிய மரத்தில் ஏறிக் கள் இறக்கினால் காவல் நிலையம் போக வேண்டியிருப்பது, அம்மரத்துக்கு அரசு தரும் இருமடங்கு பாதுகாப்பாகவே கொள்ளத்தக்கது.

உற்பத்தி முறையைச் சற்று விரிவாகச் சொல்வது கோப்புக்கு உதவும். பனையேறி பாளையை, அதாவது மரத்தின் பூங்குலையை, மரக்கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிய வில்லையாகச் சீவி, அதன்கீழ் மண்கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். காலையும் மாலையும் ஏறிச் சீவாவிட்டால் சாறு வடிவது நின்றுபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது பதநீர்; ஜி.எஸ்.டி. சாலையோரம் ஓலைப் பட்டையில் நுங்கு மிதக்க ஊற்றிக் கொடுப்பது அதைத்தான், காரை ஓரங்கட்டியவர்கள் வாங்கிக் குடித்துவிட்டுப் பாரம்பரியம் பேசுவதும் அதைப் பற்றித்தான். சுண்ணாம்பு இல்லையெனில், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், சாறு மரத்தில் இருக்கும்போதே அதன் சர்க்கரையை ஆல்கஹாலாக்கத் தொடங்கிவிட, இறங்குவது கள்; அது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே பனையேறி என்றிருக்க, சட்டத்தை நிலைநாட்டுவது விரலால் எடுத்துப் பூசும் சுண்ணாம்பு மட்டுமே. பயணப்படி கேட்காமல், மாமூல் வாங்காமல், இடமாறுதலுக்கு அஞ்சாமல் அறுபதடி உயரத்தில் இரவுப்பணி பார்க்கும் இந்த ஆய்வாளருக்குத் துறை இதுவரை ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட வழங்காதது வருந்தத்தக்கது.

சேலத்தில் 1937இல் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, 1981இல் மறுபடி தளர்ந்த வரலாறு எல்லோரும் அறிந்தது. 1987 சனவரி முதல் நாள் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2003இல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு ஐந்தையொட்டி இருக்க, டாஸ்மாக் பிராந்தியில் அது 42.8 என்பதால், வலுக்குறைந்த சரக்கிலிருந்து மக்களைக் காக்கும் கொள்கை இது என்று ஆய்வாளர் சிலர் மயங்கக்கூடும். உண்மைக் காரணம் வேறாகத் தோன்றுகிறது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துப்போகிறது. கிடங்கில் அடுக்கவோ, முத்திரை ஒட்டவோ, மாவட்டம் விட்டு மாவட்டம் ஏற்றவோ அது இடங்கொடுப்பதில்லை. விற்ற காசும் ஏறியவர் வீட்டு அடுப்பைத் தாண்டி அதிகம் நகர்வதில்லை. 2024-25இல் 48,000 கோடி ரூபாயைத் தாண்டிய மது வருவாயைக் கணக்கில் ஏற்றும் நிர்வாகத்துக்கு இத்தகைய ஒழுங்கீனம் பொறுக்க முடியாததே. கலப்பட அச்சம் பொய்யன்று. கள்ளில் போதை மருந்து கலந்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் 2023 மே மாதம் தாம்பரம் அடங்கிய இதே செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியில் உயிர்களைப் பறித்தது மெத்தனால். அதைச் சுரக்கும் பாளை எதையும் தாவரவியல் இன்னும் கண்டறியவில்லை.

மகாராட்டிரம் 2001இலேயே திராட்சை மதுவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்துத் தீர்வைச் சலுகை கொடுத்தது. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர்க்கு நலநிதி வாரியமே உண்டு. யாழ்ப்பாணத்துச் செய்தி இன்னும் சங்கடமானது: அங்கே 1970களில் உருவான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், உறுப்பினரான சீவல் தொழிலாளர் இறக்கும் கள்ளைத் தாமே வாங்கி, தவறணை எனப்படும் கள்ளுக்கடைகளில் விற்று, போத்தலிலும் அடைத்து, நெடும்போரையும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியையும் கடந்து இன்றும் இயங்குகின்றன. தமிழ்பேசும் பனையேறி கூட்டுறவு ஆலை நடத்தக்கூடியவர்தான் என்பதற்குச் சான்றாகிவிடும் இத்தகவலைக் கோப்பில் சேர்ப்பதா தவிர்ப்பதா என்பதைத் துறையே முடிவு செய்யலாம்.

உரிமம் வழங்க இயலாதெனில், சுண்ணாம்புக்கு உதவி ஆணையர் நிலையிலேனும் பதவி உயர்வு அளிக்கவும், கலயத்தில் பூச்சு எவ்வளவு மெலிந்தால் பதநீர் குற்றமாகிறது என்பதை அரசாணை வழியே தெளிவுபடுத்தவும் வேண்டப்படுகிறது. நேரில் ஆய்வு செய்ய விரும்பும் அலுவலர் வெயில் ஏறுமுன் வந்துவிடுவது நல்லது. பதினொரு மணிக்கு மேல் கலயத்தில் இருப்பது மாநில மரத்தின் கொடையா, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீறலா என்பதற்கு மனுதாரர் தரப்பு பொறுப்பேற்க இயலாது.