டிரெய்லர் வரட்டும், நிற்க இடம் எங்கே?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மருமகன் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு அட்லாண்டிக் கரையைச் சுற்றுகிறார். மணமேல்குடிக் கரையில் அப்படிச் சுற்ற முடியாதா? நமக்குக் கேரவன் என்றால் நடிகர் ஓய்வெடுக்கிற வண்டி மட்டும்தானா? (அறந்தாங்கி வாசகர்)

பதில்: தாராளமாகச் சுற்றலாம். சாலைக்குக் குறையில்லை. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்றமும் கிடையாது, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. உங்கள் மருமகன் நாட்டில், நோவா ஸ்கோஷியாவின் கேபட் டிரெயில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் சாலை. கடலை ஒட்டிய மலைகளில் அது ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றங்களில் இன்ஜினையும் பிரேக்கையும் வதைக்க விரும்பாத பலர், டிரெய்லரை ஒரு முகாமில் கழற்றி வைத்துவிட்டு வெறும் காரில்தான் சுற்றிப் பார்க்கிறார்கள். கழற்றி வைக்க அங்கே இடம் இருக்கிறது. 1936-ல் உருவான கேப் பிரெட்டன் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள்ளேயே முகாம்கள் உண்டு. மருமகன் அனுப்பும் படத்தில் பாறையும் அலையும் தெரியும். குடிநீர்க் குழாயும், மின் இணைப்பும், கழிவறைத் தொட்டியைக் காலி செய்யும் குழியும் தெரியாது. அந்த மூன்றும் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே அவர் ஊர் திரும்பியிருப்பார். நம் கரையில் முதலில் அமைய வேண்டியவையும் அவைதான். வண்டி வாங்குவதைப் பிறகு பேசலாம்.

கேள்வி: கடற்கரை சும்மாதானே கிடக்கிறது? மணலில் ஓரமாக நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: சும்மா கிடக்கிற கரை நம்மிடம் இல்லை. நண்டு வலைப் படகு கரை சேர்ந்ததும் வலையை இறக்கிப் போட்டு வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். நீலக்கால் நண்டைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, கால் ஒடியாமல் எடுக்க வேண்டும். ஒடிந்தால் விலை இறங்கிவிடும். கொஞ்சம் தள்ளிக் கருவாடு காயும், அதற்கப்பால் படகு ஏற்றுகிற தடம். உங்களுக்கு வெறும் மணலாகத் தெரிவது இன்னொருவரின் பட்டறை. அங்கே டிரெய்லரை நிறுத்துவது, நடவு நடக்கிற வயலில் பஸ்ஸை நிறுத்துவதுபோல.

கடலின் குணமும் வேறு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஓதம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். நம் பாக் விரிகுடாவில் அது ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. ஆழம் குறைந்த, அலை அடங்கிய இந்தக் கடலில் நாம் கொட்டுகிற கழிவு கரையோரமே சுற்றும். அடியில் இருப்பது கடற்புல் மேய்ச்சல். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வது அங்கேதான். அதைக் காக்கத்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. சட்டத்தைப் பார்த்தாலும், கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 1991 முதல் இருக்கின்றன. ஆகவே சாலைக்குக் கிழக்கே வேண்டாம். மேற்கே, ஊரை ஒட்டி நிறுத்துங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளையே சாய்த்துப்போட்ட வட்டாரம் இது. தகரக் கூண்டு எம்மாத்திரம்?

கேள்வி: வசதியுள்ள நாலு பேர் ஊர் சுற்ற, பொதுப் பணத்தில் இடம் கட்டித்தர வேண்டுமா? (மீமிசல் வாசகர்)

பதில்: நியாயமான கேள்வி. டிரெய்லருக்கு மட்டும் என்றால் கட்ட வேண்டியதில்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் இந்தச் சாலையில் வருகிறவர்கள் யார் யார்? ராமேஸ்வரம் போகும் குடும்பங்கள், நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகும் வேன்கள், மீன் ஏற்றிய லாரியில் இரவெல்லாம் கண் விழிக்கும் டிரைவர்கள். இவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சுத்தமான கழிவறையும் குளிக்கத் தண்ணீரும் வெளிச்சமும் உள்ள ஓர் இடம் வேண்டும். அதே வளாகத்தின் ஓரத்தில் டிரெய்லர்களுக்கு நாலு மனை ஒதுக்கி வாடகை வாங்கினால், பராமரிப்புச் செலவில் ஒரு பங்கு வந்துவிடும். மகளிர் சுயஉதவிக் குழு நடத்தினால் மீன் குழம்புச் சாப்பாட்டுக்கும் வழி பிறக்கும்.

இந்த வழிக்கு இது புது ஏற்பாடும் அல்ல. தஞ்சை மராத்திய மன்னர்கள் ராமேஸ்வரப் பாதையில் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். சேதுபாவாசத்திரம் இன்றும் அந்தப் பெயரோடு இதே சாலையில் இருக்கிறது. 1801-ல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சத்திரங்கள் செய்ததை விவரிக்கிறார்: வருகிற எல்லோருக்கும் சோறு, நோயாளிக்கு மருத்துவம், வழியில் வலி கண்ட கர்ப்பிணிக்குப் பராமரிப்பு. மாட்டு வண்டிக் காலத்திலேயே இவ்வளவு யோசித்த பாதையில் இன்று ஒரு குளியலறைக்குத் திண்டாடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியபோது வண்டிகளோடு கேரவன் பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் இடம்பெற்றிருக்கிறது. முதல் பூங்காக்களில் ஒன்று மணமேல்குடியில் அமையட்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

கேள்வி: சரி, எந்த மாதம் வரலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும், டிரெய்லரோடு வரவே வேண்டாம். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் ஓய்ந்திருக்கும். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். மீன் வாங்க விடிவதற்குள் கரைக்குப் போய்விடுங்கள், காரில்.