திருவூஞ்சல் ஆடும் பின் ஷொக்குகள்

வெள்ளவத்தைக் கடற்காற்றில் முப்பது ஆண்டு துருவேறிக் கனிந்தவர்களும், எந்நேரமும் எண்ணெய் முழுக்காடி மினுங்குபவர்களும், அத்தானின் 1994ஆம் ஆண்டுக் கொரோலாவின் பின்புறத்தே வலமும் இடமுமாக எழுந்தருளியிருப்பவர்களுமான ஷொக் அப்சோபர் பெருமான்கள் இருவரையும் முதற்கண் வணங்குகிறேன். சிறியேன் சொல்லில் பிழையிருந்தால் பொறுத்தருள்க. பொறுப்பதுதான் அவர்களுடைய தொழில்; அதைத் துறந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது வேறு விஷயம்.

புத்தம் புதிய ஷொக் ஒன்றின் அற்பத்தனத்தைப் பாருங்கள். குழாய்க்குள் எண்ணெயைப் பூட்டிவைத்து, சின்னச் சின்னத் துவாரங்களால் பிஸ்டனைத் திணறடித்து, ஸ்பிரிங் ஆசையோடு துள்ளும் துள்ளலையெல்லாம் வெறுஞ் சூடாக்கிக் காற்றில் கரைத்துவிடுகிறது. வீதி மனமுவந்து தந்த பரிசை இடைவழியில் பறிக்கும் கயமை! எங்கள் பெருமான்களோ உள்ளிருந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் காலி வீதிக்கே தானம் செய்துவிட்ட வள்ளல்கள். பம்பலப்பிட்டிப் பள்ளமோ, கொள்ளுப்பிட்டியில் தார் மட்டத்துக்குக் கீழே போன கான் மூடியோ, வந்ததை வந்தபடியே, ஒரு சதமும் பிடித்துக்கொள்ளாமல், பின் ஆசனத்தில் இருப்பவரின் நாரிக்கு நேரே அனுப்பிவைக்கிறார்கள். இடையில் இருப்பவர் எதையும் எடுத்துக்கொள்ளாத பதவி இந்நாட்டில் வேறெது?

ஐயப் பிராணிகள் சிலர் டிக்கியின் மேல் இரு கையும் ஊன்றி ஒருக்கா அமத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்ப்பதுண்டு. பணிவறியாத வண்டி ஒருமுறை எழும்பி அப்படியே நின்றுவிடும். எங்கள் கொரோலா ஐந்து முறை தாழ்ந்து நிமிர்ந்து வந்தாரை உபசரிக்கும். ஊர்க் கோயில்களில் திருவிழா முடிவில் சுவாமிக்கு மட்டும் வாய்க்கும் திருவூஞ்சல், அத்தான் வீட்டாருக்கு அன்றாடம் வாய்க்கிறது. செட்டியார் தெருவிலிருந்து வரும் ஆடிவேல் ரதம்கூட இவ்வளவு அழகாக அசைவதில்லை.

கலைத்திறனும் குறைவில்லை. பின் ரயர்கள் இரண்டையும் தடவிப் பார்த்தவர்கள் அறிவார்கள்: சுற்றிவர மேடும் கிண்ணமுமாக எத்தனை நுட்பமான செதுக்கு வேலை! நேராக உருள்வதைவிட்டுக் குதித்துக் குதித்து ஓடும் சக்கரத்தால்தான் இது கைகூடும். பதினெட்டு மாதத்தில் மூன்று சோடி ரயர்களை இவ்வாறு சிற்பமாக்கித் தந்திருக்கிறார்கள். இரவிலோ முன்விளக்கின் ஒளி தென்னை வட்டுக்கும் தார் வீதிக்குமாக ஏறி இறங்கி, எதிரே வரும் அந்நியர்களின் கண்ணையும் விடாது ஒளியூட்டும்.

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு விசேஷம். அக்கா மடியில் சொதிச் சட்டியோடு பின்னால் ஏறினாள். "இஞ்சருங்கோ, மெதுவா!" என்று காலிமுகத்திடலில் ஒருமுறை, கோட்டையில் ஒருமுறை. புறக்கோட்டை தாண்டும்போது சட்டி பாதி. ஜம்பட்டா வீதிக்குள் திரும்பியபோது அக்காவின் காஞ்சிபுரம் முழுவதும் மஞ்சள் மங்கலம்.

அந்தப் பக்கத்துக் கராஜ் ஒன்றின் பாஸ் குனிந்து பார்த்தார். அவர் கலைஞானம் இல்லாதவர். "ரெண்டும் முடிஞ்சுது சேர். மாத்தினா சோடியாத்தான் மாத்தணும்" என்றார். புதியதை மாட்டும்போது வண்டியை நிலத்தில் இறக்கி, பாரம் சக்கரத்தில் இருந்த பிறகே ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை முழுசாக இறுக்க வேண்டுமாம்; தூக்கிவைத்தபடியே இறுக்கினால் புஷ் முறுகிக் கிழியுமாம். இப்படி ஏதேதோ சாஸ்திரம். அத்தான் கருணையோடு கேட்டுவிட்டு மொழிந்தருளினார்: "ஆடினால் என்ன தம்பி, ஓடுதுதானே!"

ஆனாலும் பெருமான்களை அவர் அலட்சியம் செய்தாரென்று யாரும் சொல்லிவிட முடியாது. அன்று மாலையே மண்ணெண்ணெயில் துணி தோய்த்து எண்ணெய்க் கசிவைத் துடைத்து, கறுப்பு ஸ்பிரே அடித்து இருவரையும் மாப்பிள்ளைக் கோலம் செய்வித்தார். உள்ளே ஒன்றுமில்லாதவர்க்கு வெளியே இவ்வளவு ஒப்பனை செய்யும் பெருந்தன்மை எல்லோருக்கும் வருமா?

அத்தானின் பொருளியல் மேதைமை தனியே பாடத்தக்கது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் கொரோலா நின்ற இடத்திலேயே நின்று விலையேறியது. காலையில் பிளேன்ரீயோடு பத்திரிகையை விரித்து, வாகன விற்பனை விளம்பரங்களில் தன் காரின் அன்றைய விலையைப் பார்த்து மலர்வார். "செலவழிக்காமலே விலை ஏறுது, பிறகு ஏன் செலவழிப்பான்?" வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு பெறுமதியான செல்வத்துக்கு ஒரு சோடி ஷொக் வாங்கித் தருவது அவமரியாதை அல்லவா?

அரசும் எங்கள் பெருமான்களின் பெருமையை ஆண்டுதோறும் உறுதிப்படுத்துகிறது. புகைப் பரிசோதனைக்குப் போனால், வாலில் குழாயை நுழைத்து மூச்சை மட்டும் முகர்ந்து பார்க்கிறார்கள். ஒரு முழத்துக்கு அப்பால் ஷொக் சொட்டிக்கொண்டிருக்கும். குனிந்து பார்ப்பது நாகரிகமல்ல. சான்றிதழ் கிடைக்கும், வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ராஜபாட்டையாக வீடு வரலாம்.

போன கிழமை, மழை விட்ட பின்னேரம், வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்டே முன்னால் போன ஓட்டோ திடீரென்று நின்றது. அத்தான் பிரேக்கை மிதித்தார். கொரோலா மூக்கால் நிலத்தை முகர்ந்தது. பின்பக்கம் உயர எழும்பியது. நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நின்ற பின் சக்கரங்கள், பற்றற்றவர்களாதலால், எதையும் பற்றவில்லை. ஓட்டோவுக்குள் வெள்ளைச் சீருடையோடு இருந்த பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் வெளியே விழுந்து உருண்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அழுகை நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று, அவ்வளவுதான்.

ஓட்டோவின் நெளிந்த பின்பக்கத்துக்காக அத்தான் ஓட்டோக்காரரின் கையில் எண்ணிக் கொடுத்த தொகை, கொட்டாஞ்சேனைப் பாஸ் ஒரு சோடி ஷொக்குக்குச் சொன்ன விலையைவிட முந்நூறு ரூபா கூட. பெருமான்கள் இருவரும் இன்றும் பதவியில் இருக்கிறார்கள்.