லயத்துத் தப்பும் லண்டன் பாட்டும்

கேள்வி: பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' வெறும் போதைப் பாட்டுதானே? தோட்டத்து ஆட்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
ஹட்டன் வாசகர்

பதில்: தம்புரா இருக்கிறது, தாளமும் இருக்கிறது. 1966இல் வந்த அந்தப் பாட்டு ஒரே ஆதார சுருதியில் நிற்கிறது. ரிங்கோ ஸ்டாரின் தாளம் கடைசிவரை மாறுவதில்லை. மாசியில் நம் லயங்களில் நடக்கும் காமன் கூத்திலும் தப்பு திரும்பத் திரும்ப ஒலித்தே ஆளை வேறு நிலைக்குக் கொண்டுபோகிறது. ஜான் லெனன் எல்எஸ்டி பற்றிய புத்தகத்திலிருந்துதானே வரிகளை எடுத்தார் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் புத்தகமே திபெத்தின் மரண நூலைத் தழுவியது. போதை மாத்திரையே அறியாத பிள்ளையும் அந்தத் தாளத்துக்குத் தலையாட்டுகிறதே, அது எதனால்? ஸ்டூடியோவில் ஒலிநாடாத் துண்டுகளைச் சுழலவிட்டு பீட்டில்ஸ் குழுவினர் தேடியதை நம் தப்புக் கலைஞர் கையாலேயே தருகிறார். அவருக்கும் நல்ல மேடையும் ஊதியமும் கிடைக்க வேண்டும்.