வாய்பேசாப் பெறுநர்க்குப் பின்னல் ஆடை: ஒரு பூர்வாங்க ஆய்வு

தருமத்துக்காகக் கூடிப் பின்னும் மகளிர் குழுக்களைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. தேவைப்படாததால் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் தேவையின்மை ஆய்வுக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை என்பது பல்கலைக்கழக நூலகங்களின் மேல்தட்டுகளைத் தூசி தட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆய்வுக்களம், சென்னையின் தென்கோடி அடுக்ககம் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் குழு. பச்சிளங் குழந்தைகளுக்குக் குல்லா பின்னி அரசு மருத்துவமனைக்குக் கொடுக்கிறார்கள். வியர்த்துக் கொட்டும் ஊரில் குல்லா எதற்கு என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. பிறந்த குழந்தைக்கு உடம்பில் தலை பெரும்பங்கு. சூடு அதன் வழியாக வேகமாக இறங்கும், எடை குறைந்து பிறந்ததற்கு இன்னும் வேகமாக. ஆகவே சித்திரையிலும் குல்லா உண்டு (காண்க: மூன்றாம் நாற்காலி மாமி, வாய்மொழி).

பின்னப்படும் பொருள்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

குல்லா: கருத்து வேறுபாடு இல்லை.

காலுறை: ஒன்று முடிந்திருக்கும்; இன்னொன்று அடுத்த சனிக்கிழமை.

ஸ்வெட்டர்: தொடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஆக்டோபஸ்: குறைமாதக் குழந்தைகளுக்காக 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம். குரோஷாவில் பின்னிய சுருள் கால்கள் தொப்புள்கொடி மாதிரி இருப்பதால் குழந்தை அதைப் பிடித்துக்கொள்ளும், மூக்குக் குழாயைப் பிடுங்காது என்பது நம்பிக்கை. காலை இழுத்துப் பார்த்தால் 22 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் எட்டுக்குப் பதில் ஒன்பது கால் வைத்துவிட்டார். அந்த உயிரினம் வகைப்பாட்டுக்காகக் காத்திருக்கிறது.

போர்வை: 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் சென்னையில் துண்டு துண்டாகப் பின்னி இணைத்து, 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரே போர்வையாகப் பரப்பிக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். கணக்குப் போட்டால் இரண்டே முக்கால் ஏக்கர். பிறகு பிரித்துத் தானமாகக் கொடுத்தார்கள். பட்டா கிடைத்திருந்தால் பிரித்திருக்க மாட்டார்கள் என்பது மாமியின் துணிபு (மேலது, முறுக்கு தின்றுகொண்டே).

இனி மையச் சிக்கல். வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலைப் பக்கத்தான். மழைக்காலத்தில் மயில் அகவியதைக் கேட்டு, குளிரில் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையை எடுத்துப் போர்த்தினான். சங்கப் புலவர்கள் புகழ்ந்தார்கள், உரைகாரர்கள் விளக்கினார்கள், நாமெல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். இத்தனை பேரில் ஒருவராவது அளவு கேட்டார்களா?

மயிலுக்குக் கழுத்துச் சுற்றளவு எவ்வளவு? கொண்டைக்குத் துளை உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, தோகை போர்வைக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே என்றால் மயிலால் விரிக்க முடியாது. விரிக்காத மயிலைப் பாட எந்தப் புலவரும் மலையேறி வரமாட்டார். வெளியே என்றால் முதுகு மட்டும்தான் மூடும், குளிர் போகாது. குழு இதில் மூன்று கட்சியாகப் பிரிந்தது: உட்தோகையார், வெளித்தோகையார், ‘எப்படியும் உதறியிருக்கும்’ என்போர் (முதற்கட்சிக்கு: மூன்றாம் நாற்காலி மாமி, காப்பிக்கு முன், அதன் மறுப்புக்கு: அதே மாமி, காப்பிக்குப் பின், மறுப்பின் மறுப்புக்கு: அவர் மருமகள், லிஃப்டில், மாமி இல்லாத நேரத்தில். கடைசிச் சான்றின் இறுதிப் பகுதி கதவு மூடிக்கொண்டதால் சிதைந்துள்ளது. சிதைந்த இடத்தை நிரப்பி வாசிக்க முயன்ற இரண்டாம் மாடிப் பாடத்தை மருமகளே ஏற்கவில்லை).

பெங்குவின் விஷயத்தில் இத்தகைய குழப்பம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஃபிலிப் தீவு என்று ஒன்று. அங்குள்ள ‘குட்டிப் பெங்குவின்’ இனம் சுமார் 33 செ.மீ. உயரம், ஒரு கிலோ எடை. கடலில் கப்பல் எண்ணெய் கசிந்தால் இறகு ஒட்டிப்போய்க் குளிர் உள்ளே ஏறும்; அலகால் கோதினால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். குளிப்பாட்டிவிடும் வரை கோதாமலிருக்க ஸ்வெட்டர் மாட்டுகிறார்கள். சிறகுக்கு எங்கே துளை, கழுத்துக்கு எத்தனை கண்ணி, எல்லாம் வரைபடமாகவே உண்டு. 2001 கசிவில் சிக்கிய பெங்குவின்கள் 438. செய்தி பரவியதும் உலகெங்கும் கைகள் பின்னத் தொடங்கின, நிறுத்தவில்லை. மிஞ்சியதைப் பொம்மைப் பெங்குவின்களுக்கு மாட்டிக் கடையில் விற்று அந்தப் பணத்தையும் பறவைக்கே செலவிட்டார்கள். 2020 தொடக்கத்தில் காட்டுத்தீயில் கால் வெந்த கோலாக்களுக்குக் கையுறையும், தாயிழந்த கங்காருக் குட்டிகளுக்குப் பையும் கேட்டபோதும் இதே கதை. போதும், இனி வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களே கையெடுத்துக் கும்பிட நேர்ந்தது.

இவற்றிலிருந்து என் கோட்பாட்டை முன்வைக்கிறேன். பின்னல் ஆடை பெறுவோர் பட்டியல்: பச்சிளங் குழந்தை, பெங்குவின், கோலா, மயில். ஒருவருக்கும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாது. இதனை ‘வாய்பேசாப் பெறுநர் கோட்பாடு’ என அழைப்பேன். சொல்லத் தெரிந்த பெறுநர், எடுத்துக்காட்டாகப் பதினாறு வயதுப் பேரன், பட்டியலில் நீடிப்பதில்லை. அறிஞர்கள் இக்கோட்பாட்டை நமக்கு முன்பே கண்டறிந்து, தம் நூல்களைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பித்துக்கொண்டார்கள் என்பதையும் இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

கோட்பாட்டுக்கு ஒரே ஒரு இடையூறு. மழைக்காலம் மயிலின் இணைசேரும் பருவம். ஆண்மயில் அப்போது அகவுவது பெரும்பாலும் பெடைக்காக. பேகன் காதில் அது குளிராக விழுந்தது. துணை கேட்டதற்குத் துணி கிடைத்தது. அதே பேகனுக்குக் கண்ணகி என்று மனைவி இருந்தாள், சிலம்புக் கண்ணகி அல்ல. அவளை விட்டு அவன் வேறொருத்தியோடு இருந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் பாடினார்கள். புறநானூற்றில் அந்தப் பாடல்கள் இருக்கின்றன. பரிசில் வேண்டாம், வீட்டுக்குப் போ என்பதே சாரம். மயிலுக்குச் சிபாரிசு தேவைப்படவில்லை. மனைவிக்கு நாலு புலவர் வேண்டியிருந்தது.

இந்த இடத்தைக் குழுவில் வாசித்தபோது ஊசிகள் நின்றன. உட்தோகையாரும் வெளித்தோகையாரும் முதன்முறையாக ஒன்றுபட்டு, பேகனை வள்ளல் பட்டியலிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தமிழறிஞர்களுக்கு யார் கடிதம் எழுதுவது என்பதில் மறுபடி பிளவு. என்னை எழுதச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். “அவன் எழுதினால் மயிலுக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பான். நீ அந்தக் காலுறையை முடி” என்றார் மாமி (நிறைவுச் சான்று, மறுப்பு எழவில்லை).